அறுவைக்குப் பின் வரும் ஆபத்தை முன்னறிவது எப்படி?
திறந்த வயிற்று அறுவை சிகிச்சை: நோயாளியரும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் வேளையில் ஏறத்தாழ எல்லாக் குடும்பத்தாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லையே, டாக்டர்?” மருத்துவர் சில சமயம் “பெரிதாகப் பயப்பட வேண்டாம்” என்பார். சில சமயம் “இப்படிப்பட்ட நிலையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கடுமையான சிக்கல் வரலாம்” என்பார். முதல் விடை நிம்மதி தருகிறது. இரண்டாவது விடை அச்சம் தருகிறது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது, அதைக் கேட்டபின் நாம் செய்யக்கூடியது என்ன என்பது பலருக்கும் விளங்குவதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலுக்கு இது ஏன் பெருஞ்சுமை?

வயிற்றுச் சுவரைக் கீறித் திறந்து, உள்ளுறுப்புகளை நேரே கண்டு செய்யும் சிகிச்சையே திறந்த வயிற்று அறுவை. சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையிலிருந்து இது வேறுபட்டது. குடலில் ஓட்டை விழுதல், குடல் அடைப்பு, இரைப்பை, கல்லீரல், கணையம் போன்றவற்றில் தோன்றும் புற்றுநோய், விபத்தினால் நேரும் உட்காயம் ஆகியவற்றுக்கு இம்முறை இன்றும் தேவைப்படுகிறது.

வயிற்றுத் தசைகள் வெட்டப்பட்டிருப்பதால் ஆழ்ந்து மூச்சிழுப்பதும் இருமுவதும் வலியைத் தருகின்றன. நோயாளி வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். அதனால் நுரையீரலின் அடிப்பகுதி சரிவர விரியாமல் சுருங்குகிறது, சளி தேங்குகிறது, நிமோனியாவுக்கு வழி பிறக்கிறது. படுக்கையிலேயே கிடந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். இதயம் வழக்கத்தை விடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. குடலை வெட்டி இணைத்திருந்தால் அந்த இணைப்பு பிரியாமல் ஆற வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் உடல் தாங்கியாக வேண்டும்.

கடுஞ்சிக்கல் என்பது எது?

எல்லாச் சிக்கலும் ஒரே தரத்தன அல்ல. 2004ஆம் ஆண்டில் செப்பனிட்டு வெளியிடப்பட்ட கிளேவியன்–டிண்டோ என்னும் வகைப்பாடு, சிக்கலைச் சரிசெய்யத் தேவைப்பட்ட சிகிச்சையைக் கொண்டே அதன் கடுமையை அளக்கிறது. சாதாரண மருந்துகளோடு அடங்குபவை முதல் நிலை. நோய்க்கிருமிக் கொல்லி மருந்தோ இரத்தம் ஏற்றுவதோ தேவைப்படுபவை இரண்டாம் நிலை. மீண்டும் அறுவையோ, ஊசி வழியே சீழை வெளியேற்றுதல் போன்ற செய்முறையோ தேவைப்படுபவை மூன்றாம் நிலை. உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியவை நான்காம் நிலை. உயிரிழப்பு ஐந்தாம் நிலை. மூன்றும் அதற்கு மேலும் உள்ளவற்றையே மருத்துவர்கள் பொதுவாகக் கடுஞ்சிக்கல் என்கின்றனர். ஆகவே “சிக்கல் வரலாம்” என்று மருத்துவர் கூறும்போது, “எந்த அளவுக்கான சிக்கல்?” என்று கேட்பது முறையான கேள்வியே.

அறுவைக்கு முன் கணிப்பு

மயக்கவியல் மருத்துவர் நோயாளியைச் சந்திக்கும்போது முதலில் அவரது பொது உடல்நிலையை வகைப்படுத்துகிறார். இதற்கு அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு உலகெங்கும் பயன்படுகிறது. நோயேதும் இல்லாதவர் முதல் வகுப்பு. கட்டுப்பாட்டிலுள்ள சர்க்கரை நோய் போன்ற மிதமான நோயுள்ளவர் இரண்டாம் வகுப்பு. அன்றாட வாழ்வைக் குறுக்கும் நோயுள்ளவர் மூன்றாம் வகுப்பு. நோயே உயிருக்கு இடையறாத அச்சுறுத்தலாக உள்ளவர் நான்காம் வகுப்பு. அறுவை செய்யாவிடில் பிழைப்பது அரிது என்ற நிலையில் இருப்பவர் ஐந்தாம் வகுப்பு. அவசர அறுவையாயின் அதற்கென ஒரு குறியீடும் சேர்க்கப்படும். ஏனெனில் அதே நோயாளிக்கு அதே அறுவையை அவசரமாகச் செய்யும்போது ஆபத்து உயர்கிறது.

இன்னும் நுட்பமான கணிப்பு முறைகளும் உள்ளன. 1991இல் இங்கிலாந்தில் வெளியான ‘போசம்’ என்னும் முறை, நோயாளியின் உடல்நிலை பற்றிய 12 செய்திகளையும் அறுவை பற்றிய 6 செய்திகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. வயது, இதயம், நுரையீரல், ஈ.சி.ஜி., இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின், வெள்ளணுக்கள், யூரியா, சோடியம், பொட்டாசியம், நினைவுநிலை ஆகியவை முதல் வகை. அறுவையின் அளவு, எத்தனை அறுவைகள், இரத்த இழப்பு, வயிற்றினுள் மலமோ சீழோ கசிந்துள்ளதா, புற்றுநோயா, அவசரமா என்பவை இரண்டாம் வகை. பல இரத்தப் பரிசோதனைகளுக்கு ஏன் எழுதித் தருகிறார்கள் என்று வியப்பவர்களுக்கு விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

இம்முறையின் வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. ஆபத்துக் குறைவான நோயாளிகளுக்கும் அது உயிரிழப்பை மிகைப்படுத்திக் காட்டியதால், போர்ட்ஸ்மத் நகர மருத்துவர்கள் அதன் கணக்கைத் திருத்தி 1998இல் புதிய வடிவத்தை வெளியிட்டனர். கணிப்பு முறை என்பது வேதவாக்கு அன்று. உண்மையோடு ஒப்பிட்டு ஓயாமல் திருத்தப்பட வேண்டிய கருவி. ஒரு நாட்டு நோயாளிகளைக் கொண்டு அமைத்த கணக்கு மற்றொரு நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்பதும் இல்லை. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் எண்ணையும் பார்க்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் மனிதரையும் பார்க்கிறார். “இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறுவீர்களா?” என்னும் எளிய கேள்வியும், கடந்த ஆறு மாதங்களில் காரணமின்றி எடை பத்தில் ஒரு பங்கு குறைந்ததா என்னும் கேள்வியும், இரத்தத்தில் ஆல்புமின் புரதத்தின் அளவும் அவருக்குப் பலவற்றைச் சொல்லிவிடும்.

“நூற்றுக்குப் பத்து” என்பதன் பொருள்

தங்களைப் போன்ற நிலையிலுள்ள நூறு பேருக்கு இதே அறுவையைச் செய்தால் ஏறத்தாழப் பத்துப் பேருக்குச் சிக்கல் நேரும், தொண்ணூறு பேருக்கு நேராது என்பதே அதன் பொருள். தாங்கள் அந்தப் பத்தில் ஒருவரா, தொண்ணூறில் ஒருவரா என்பதை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது. எனவே அது தலைவிதியின் தீர்ப்பு அன்று, ஆயத்தத்துக்கான அறிவிப்பு. ஆபத்து மிகுதி என்று தெரிந்தால் மூத்த மருத்துவர் அறுவை அரங்கில் இருப்பார். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஒதுக்கப்படும். இரத்தம் ஆயத்தமாக இருக்கும். சில வேளைகளில் அறுவையைச் சில வாரங்கள் தள்ளி, உடலைத் தேற்றிய பின் செய்வதென முடிவாகும். வேறு சில வேளைகளில், அறுவையே வேண்டுமா, வேறு வழி உண்டா என்ற உரையாடலும் தொடங்கும். அந்த உரையாடல் அறுவைக்கு முன்பே நடைபெற வேண்டும். நோயாளியின் விருப்பத்தை அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டறிவது குடும்பத்தாரின் கடமை.

மறைக்கக் கூடாதவை

கணிப்பு எத்துணைச் சிறந்ததாயினும், கொடுக்கப்படும் செய்தி பொய்யாயின் விடையும் பொய்யாகும். பீடி, சிகரெட், மதுப் பழக்கங்களை உறவினர் முன்னிலையில் சொல்லத் தயங்கிப் பலர் மறைத்துவிடுகின்றனர். நாள்தோறும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தும்போது, இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு ஆகியவை தோன்றக்கூடும். அறுவைக்குப் பின் அத்தகைய பிதற்றலைக் கண்டால் காரணம் தொற்றா, குடியை நிறுத்தியதா எனத் தேடுவதிலேயே அரிய நேரம் கழிந்துவிடும். முன்பே தெரிந்திருந்தால் அதைத் தடுக்க மருந்து உண்டு. ஆகவே அனைவர் முன்னும் சொல்ல இயலாவிடில், மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே சொல்லுங்கள். இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளையும், உட்கொள்ளும் நாட்டு மருந்துகளையும் அவ்வாறே தெரிவியுங்கள்.

எண்ணை மாற்றும் ஆற்றல் நம்மிடமும் உண்டு

வயதையும் நோயையும் மாற்ற இயலாது. ஆயினும் வேறு சில காரணிகள் நம் கையில் உள்ளன. திட்டமிட்ட அறுவைக்கு நான்கு வாரங்களேனும் முன்பு புகைப்பதை நிறுத்தினால் நுரையீரல் சிக்கலும் புண் ஆறாமையும் குறைகின்றன. இரத்தசோகைக்குக் காரணம் கண்டு சிகிச்சை பெறலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொணரலாம். முட்டை, பருப்பு, பால், மீன் போன்ற புரத உணவுகளை மருத்துவர் அனுமதிக்கும் அளவில் கூட்டலாம். நாள்தோறும் நடக்கலாம்.

மூச்சுப் பயிற்சியின் பயனுக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் மேல்வயிற்றில் திறந்த அறுவை செய்துகொள்ளவிருந்த 441 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன் அரைமணி நேரம் மட்டும் இயன்முறை மருத்துவர் நேரில் அமர்ந்து, நுரையீரலுக்கு என்ன நேரும் என விளக்கி, மூச்சுப் பயிற்சியைக் கற்றுத்தந்தார். மற்றப் பிரிவினருக்குச் சிறு கையேடு மட்டும் தரப்பட்டது. அறுவைக்குப் பின் கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நுரையீரல் சிக்கல் நேர்ந்தது. கற்றுக்கொண்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே நேர்ந்தது. விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. கண் விழித்ததிலிருந்து மணிக்கொரு முறை, வயிற்றின் மீது தலையணையை அணைத்துக்கொண்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து, சற்றே நிறுத்தி, மெல்ல விட்டு, பின் இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும், அவ்வளவே.

அறுவை மேசையில் கிடைக்கும் செய்தி

பிறந்த குழந்தையின் நிலையை ஒரு சில நொடிகளில் மதிப்பிட வர்ஜீனியா ஆப்கார் என்னும் மயக்கவியல் மருத்துவர் 1953இல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார். அதே எளிமையை அறுவை சிகிச்சைக்குக் கொணர விரும்பி, அதுல் கவாண்டேயும் அவரது குழுவினரும் 2007இல் ‘அறுவை ஆப்கார்’ மதிப்பெண்ணை வெளியிட்டனர். இழந்த இரத்தத்தின் அளவு, மிகக் குறைந்த நாடித்துடிப்பு, மிகக் குறைந்த சராசரி இரத்த அழுத்தம் என மூன்றே செய்திகள். மொத்தம் பத்து மதிப்பெண். அவர்களது ஆய்வில் 9 அல்லது 10 பெற்ற 220 பேரில் 8 பேருக்கு மட்டுமே முப்பது நாட்களுக்குள் கடுஞ்சிக்கலோ மரணமோ நேர்ந்தது. 4 அல்லது அதற்கும் குறைவாகப் பெற்ற 29 பேரில் 17 பேருக்கு நேர்ந்தது. அறுவை முடிந்ததும் “சிறிது நேரம் ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்க்கிறோம்” என்று மருத்துவர் கூறினால் ஏதோ தவறிவிட்டது என்று கலங்க வேண்டாம். அரங்கில் கிடைத்த செய்தி கூர்ந்து கவனிக்குமாறு அவருக்குச் சொல்லியிருக்கிறது.

சிக்கலைவிட ஆபத்தானது தாமதம்

2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு மருத்துவ உலகின் எண்ணத்தை மாற்றியது. 84,730 அறுவை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, உயிரிழப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளிலும் மிகுந்த மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் ஏறத்தாழ ஒரே அளவில் நேர்ந்திருந்தன. இருவகை மருத்துவமனைகளிலும் அது 24.6, 26.9 விழுக்காடு என நெருங்கியே இருந்தது. ஆயினும் கடுஞ்சிக்கல் நேர்ந்தவர்களுள் இறந்தோர் முன்னவற்றில் 12.5 விழுக்காடு, பின்னவற்றில் 21.4 விழுக்காடு. சிக்கல் எங்கும் நேர்கிறது. அதை எவ்வளவு விரைவில் கண்டு மீட்கிறார்கள் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

செவிலியர் சில மணிக்கொருமுறை வந்து எழுதிச் செல்லும் அட்டவணையின் நோக்கம் இதுவே. பிரிட்டனின் ‘தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்’ 2012இல் அறிமுகமாகி 2017இல் திருத்தப்பட்டது. மூச்சு வேகம், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, இரத்த அழுத்தம், நாடி, நினைவுநிலை, காய்ச்சல் ஆகிய ஆறும், பிராணவாயு கொடுக்கப்படுகிறதா என்பதும் சேர்த்து மதிப்பெண் இடப்படும். மொத்தம் 5 ஆனால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் அது அவசரநிலை. இதில் கவனிக்கத்தக்க ஒன்று: புதிதாகத் தோன்றிய மனக்குழப்பம் ஒன்றுக்கே 3 மதிப்பெண். ஆனால் அக்குழப்பம் புதியதா என்பதைச் செவிலியரால் எப்படி அறிய முடியும்? அந்தத் தாய் நேற்று வரை பேரப்பிள்ளைகள் பெயரைப் பிழையின்றிச் சொன்னவர் என்பது உடனிருக்கும் மகளுக்குத்தான் தெரியும். “அம்மா இன்று வழக்கம்போல் இல்லை” என்ற அவரது சொல் ஒரு பரிசோதனை முடிவுக்கு ஒப்பான செய்தி. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். யாரும் பொருட்படுத்தாவிடில் மீண்டும் சொல்லுங்கள்.

எந்நாளில் எதைக் கவனிப்பது?

முதல் இரண்டு நாட்கள்: இரத்தக்கசிவு. நாடி விரைதல், உடல் சில்லிட்டு வியர்த்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை அடையாளங்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டர் சிறுநீரேனும் வர வேண்டும். இக்காலத்தில் தோன்றும் இலேசான காய்ச்சல் பெரும்பாலும் உடலின் இயல்பான எதிர்வினையே. இதயத் தாக்கு நேர்ந்தாலும் வலி மருந்துகளின் காரணமாக நெஞ்சுவலி தெரியாமல் இருக்கலாம். மூச்சுத்திணறலோ படபடப்போ மட்டும் தோன்றலாம்.

இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை: நுரையீரல். விரைந்த மூச்சு, சளி, காய்ச்சல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, சிலருக்கு அதன் பின்னும்: குடல் இணைப்பில் கசிவு. குறைந்துகொண்டிருந்த வலி மீண்டும் கூடுதல், வயிறு உப்புதல், வாந்தி, ஓயாத விரைந்த நாடி, டிரெய்ன் குழாயில் வரும் நீரின் நிறமோ மணமோ மாறுதல் ஆகியவை அறிகுறிகள். சி-ரியாக்டிவ் புரதம் என்னும் இரத்தப் பரிசோதனை இங்கே துணைபுரிகிறது. எந்த அறுவைக்குப் பின்னும் அது உயர்ந்து, இரண்டு மூன்று நாட்களில் உச்சம் தொட்டு, பின் இறங்க வேண்டும். இறங்காமல் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க நினைப்பார்.

ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: தையல். புண்ணிலிருந்து இளஞ்சிவப்பு நிற நீர் திடீரெனக் கட்டை நனைத்தால், உள்தையல் பிரிவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம், உடனே தெரிவியுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் சில வாரங்கள் வரை: ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் இரத்த உறைவு என ஐயுற வேண்டும். காய்ச்சல், நிற்காத வாந்தி, வாயுவும் மலமும் பிரியாமை, புண்ணில் சீழ், குழப்பமான பேச்சு ஆகியவற்றுக்கும் மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அரிதாகத் தையல் பிரிந்து குடல் வெளியே தெரிந்தால், அதை உள்ளே தள்ள முயலக் கூடாது. முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, தூய ஈரத்துணியால் மூடி, உண்ணவும் பருகவும் எதுவும் தராமல், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எங்கள் நோயாளிக்குக் கடுஞ்சிக்கல் வரும் வாய்ப்பு எவ்வளவு? எதனால் அவ்வளவு?
2. அதைக் குறைக்க அறுவைக்கு முன் நாங்கள் செய்யக்கூடியது என்ன?
3. அறுவை செய்யாவிட்டால் என்ன நேரும்? வேறு வழி உண்டா?
4. அறுவைக்குப் பின் நோயாளி எங்கே வைத்துக் கவனிக்கப்படுவார்?
5. இரவில் நிலை மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்? வீட்டுக்குச் சென்றபின் எந்த எண்ணில் அழைக்க வேண்டும்?

இவற்றை ஒரு தாளில் எழுதி, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன் கேளுங்கள். விடைகளையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் உடனிருப்பவர் கையிலேயே இருக்கட்டும். இரவு முறைக்கு மற்றொருவர் வரும்போது, அதையும் அன்று கண்ட மாற்றங்களையும் சொல்லி ஒப்படையுங்கள்.

கணக்குகளும் கருவிகளும் ஆபத்து வரக்கூடிய திசையைக் காட்டுகின்றன. அது வரும் நேரத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் கட்டிலருகே அமர்ந்திருப்பவரே. ஐயம் தோன்றினால் நள்ளிரவாயினும் செவிலியரை அழையுங்கள். அழைத்தது வீணாயிற்றே என்று வருந்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதும் நல்ல செய்தியே.

இக்கட்டுரை பொது விளக்கத்துக்கானது. தங்கள் நோயாளிக்கான முடிவுகளைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு கலந்தே எடுக்க வேண்டும்.